விரலில் தங்கட்டும்: டெர்மினல் எடிட்டர் கற்பவர்களுக்கு

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் உண்டு. அரசு கலைக் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் உண்டு. கிராமத்து மாணவர்களுக்கு லினக்ஸும் நிரலாக்கமும் இலவசமாகச் சொல்லித்தரும் விழுப்புரம் க்னூ/லினக்ஸ் பயனர் குழுவும் உண்டு. இங்கே படித்துவிட்டுச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ வேலைக்குப் போகிறவர், எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குள் நுழைந்து நாலு வரி திருத்த வேண்டிய நாள் சீக்கிரமே வந்துவிடும். அங்கே மவுஸ் உதவாது. விஐ, விம், நானோ என எது இருக்கிறதோ அதில் விசைகளை வைத்துத்தான் வேலை. பழகுவதற்குப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ வந்த பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தாலே போதும். அதில் லினக்ஸ் போட்டால் இந்த எடிட்டர்கள் தாராளமாக ஓடும்.

செய்ய வேண்டியவை

● வெளியே வரும் வழியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். விம்மில் எஸ்கேப் அழுத்தி, கோலன், கியூ, ஆச்சரியக்குறி, என்டர் என்று கொடுத்தால் சேமிக்காமல் வெளியேறலாம். கோலன், டபிள்யூ, கியூ கொடுத்தால் சேமித்துவிட்டு வெளியேறும். நானோவில் கன்ட்ரோல் எக்ஸ். திரும்பும் வழி தெரிந்தவருக்குத்தான் உள்ளே துணிந்து எதையும் அழுத்திப் பார்க்க மனம் வரும்.

● டைப்ரைட்டிங் லோயர் முடித்தவரா? அந்தப் பயிற்சியை இங்கே கொண்டுவாருங்கள். இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் அடிக்கச் சொன்ன ஏ-எஸ்-டி-எஃப் வரிசையிலேயே விம்மின் நகர்வு விசைகளும் இருக்கின்றன: எச் இடது, ஜே கீழே, கே மேலே, எல் வலது. 1976 வாக்கில் பெர்க்லியில் பில் ஜாய் விஐ எடிட்டரை எழுதியபோது அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகள் இந்த நான்கு விசைகளின் மேல்தான் பொறிக்கப்பட்டிருந்தன. இன்று டேப் இருக்கும் இடத்தில் அதில் எஸ்கேப் இருந்தது. அதனால்தான் எஸ்கேப்பை இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தும்படி அந்த எடிட்டர் அமைந்தது. நம் கீபோர்டில் அது மூலைக்குப் போய்விட்டது. கன்ட்ரோலுடன் இடது சதுர அடைப்புக்குறியை அழுத்தினாலும் அதே வேலை நடக்கும். கை வரிசையை விட்டு அதிகம் நகராது.

● விம்டியூட்டர் பாடத்தை முழுதாக முடியுங்கள். சுமார் அரை மணி நேரப் பாடம்தான். படிப்பதற்கு அல்ல, அதில் உள்ள வரிகளைத் திருத்திப் பழகுவதற்கு. உபுண்டுவில் முதலில் இருக்கும் சிறிய விம்மில் இந்தப் பாடம் இருக்காது. எழுத்துகளைத் தட்டும் இன்சர்ட் நிலையில் அம்புக்குறியை அழுத்தினால் ஏ, பி, சி, டி என்று எழுத்துகள் விழுவதும் அந்தச் சிறிய பதிப்பில்தான். முழு விம்மை நிறுவினால் இரண்டும் சரியாகிவிடும். நிறைய பேர் அந்த ஏ-பி-சி-டியைப் பார்த்தே பயந்து ஓடியிருக்கிறார்கள்.

● கட்டளைகளை வாக்கியமாகச் சேர்த்துப் பழகுங்கள். டெலிட்டுக்கு டி, சேஞ்சுக்கு சி, யாங்க் என்கிற நகலெடுப்புக்கு ஒய்: இவை வினைகள். வேர்டுக்கு டபிள்யூ, வரிக் கடைசிக்கு டாலர் குறி: இவை எதன் மேல் வேலை நடக்க வேண்டும் என்று சொல்லும் பெயர்கள். மூன்று வினையும் நாலு பெயரும் தெரிந்தால் பன்னிரண்டு கட்டளை கைக்கு வந்துவிடும். தமிழில் யோசிப்பவருக்கு ஒரு தடுமாற்றம் வரலாம். நாம் ‘இந்தச் சொல்லை அழி’ என்று செயப்படுபொருளை முன்னால் வைப்போம். விம் ‘அழி, சொல்லை’ என்று கேட்கும். அது ஒத்துவரவில்லை என்றால் விஷுவல் நிலைக்குப் போங்கள். வி அழுத்தி, வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் டி அழுத்தலாம். வினை நம் வழக்கப்படியே இறுதியில் வரும். அப்படித் தொடங்கினால் குறைவு ஒன்றும் இல்லை.

● தமிழில் எழுதுபவர்கள், எந்தக் கட்டளைக்கும் முன்னால் கீபோர்டு எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். ஆங்கிலப் புத்தகங்கள் இதைச் சொல்லாது. நம்மூர்க்காரர் மாட்டிக்கொள்வதோ இங்கேதான். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் இருக்கும் இடங்களில் க, ப, ம, த இருக்கின்றன. தமிழ் ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் அழுத்திவிட்டு ஜே அழுத்தினால் விம்முக்குப் போவது ‘ப’. வரியை அழிக்க டி-டி கொடுத்தால் ‘உஉ’ போகும். கட்டளை எதுவும் நடக்காது. கற்பவரோ தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். எழுதி முடித்ததும் முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றுவது, பிறகு எஸ்கேப் அழுத்துவது என்று இரண்டையும் ஒரே அசைவாகப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இதைவிட நல்ல வழி விம்மின் கீமேப் வசதி. அதில் தமிழ் இன்சர்ட் நிலையில் மட்டும் வேலை செய்யும். எஸ்கேப் அழுத்தியதும் விசைகள் தாமாகவே கட்டளைக்குத் திரும்பிவிடும். விம்முடன் வரும் தமிழ் கீமேப் பழைய திஸ்கி குறியாக்கத்துக்கானது என்பதால் ஒருங்குறிக்கு ஒன்றை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் உழைப்புதான். ஆனால் கல்லூரியில் ஒரு சிறு புராஜெக்டாக எடுத்துச் செய்து எல்லோருக்கும் கொடுக்கத் தகுந்த வேலை.

இன்னொன்று: ‘கொ’வின் மேல் எக்ஸ் அழுத்தினால் முழு எழுத்தும் போய்விடும். டெல்கம்பைன் என்ற அமைப்பைப் போட்டுக்கொண்டால் குறி மட்டும் நீங்கி ‘க’ நிற்கும். தமிழ்ப் பிழை திருத்துபவருக்கு இது பெரிய உதவி.

● விம்மில் கோலன், ஹெல்ப், உகாண்டா என்று அடித்து வரும் பக்கத்தை ஒரு முறை வாசியுங்கள். 1991-இல் விம்மை வெளியிட்ட பிராம் மூலெனார், பணம் தர விரும்பினால் உகாண்டாவின் கிபாலே பகுதிக் குழந்தைகளுக்குத் தாருங்கள் என்றுதான் அதில் கேட்டார். 2023-இல் அவர் காலமானார். நாம் இலவசமாக வாங்கிக்கொள்ளும் பொருளுக்குப் பின்னால் இருந்த மனிதரைத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

செய்யக்கூடாதவை

● நூறு கட்டளை உள்ள அட்டவணையை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்யாதீர்கள். லேப் தேர்வு முடிந்த மறுநாள் ஒன்றும் மிஞ்சாது. ஒரு நாளைக்கு இரண்டு கட்டளை போதும். அவற்றையும் உங்கள் சொந்த நிரலிலோ குறிப்பிலோ பயன்படுத்திப் பாருங்கள்.

● பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்திவிட்டு, திரை உறைந்துவிட்டது என்று ஜன்னலை மூடாதீர்கள். பல டெர்மினல்களில் அது திரையை நிறுத்திவைக்கும் விசை. கன்ட்ரோல் கியூ அழுத்தினால் மீண்டும் ஓடும்.

● செய்ததை மீட்க விம்மில் கன்ட்ரோல் இசட் அழுத்தாதீர்கள். அது எடிட்டரையே பின்னால் நிறுத்திவிட்டு உங்களை ஷெல்லுக்குக் கொண்டுவந்து விடும். கோப்பு போய்விட்டது என்று பதற வேண்டாம். எஃப்-ஜி என்று அடித்து என்டர் கொடுத்தால் விட்ட இடத்துக்கே திரும்பலாம். விம்மில் மீட்பதற்கு யூ.

● கேப்ஸ் லாக்கைக் கவனிக்காமல் கட்டளை கொடுக்காதீர்கள். சின்ன ஜே கீழே இறங்கும்; பெரிய ஜே இரண்டு வரிகளை ஒன்றாக ஒட்டிவிடும்.

● நானோவை ஏளனமாகப் பேசாதீர்கள். அவசரத்துக்கு ஒரு வரி மாற்ற அது போதும், கட்டளைகளும் கீழேயே தெரியும். அங்கே காணும் கூரைக் குறி கன்ட்ரோலைக் குறிக்கிறது. அதை அப்படியே தட்டச்சு செய்யக் கூடாது. பிரவுசருக்குள் ஓடும் ஆன்லைன் டெர்மினலில் பழகினால், தேடுவதற்கான கன்ட்ரோல் டபிள்யூ அந்த டேபையே மூடிவிடக்கூடும். அங்கே கவனம்.

● யாரோ எழுதிய இருநூறு வரி அமைப்புக் கோப்பை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். சர்வரில் அது இருக்காது. அங்கே பல நேரம் வெறும் விஐதான் இருக்கும்.

● சொல்லிக்கொடுப்பவர்களுக்கு: மாணவர் திணறும்போது கீபோர்டைப் பிடுங்கி நீங்களே அடித்துக் காட்டாதீர்கள். உங்கள் விரல் ஏற்கெனவே கற்றது. கற்க வேண்டியது அவர் விரல். வாயால் சொல்லுங்கள், காத்திருங்கள்.

● மின்சாரம் போய்க் கணினி அணைந்தபின், அடுத்த முறை விம்மில் அந்தக் கோப்பைத் திறக்கும்போது வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் டி அழுத்தாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டிய மாவட்டம் நம் விழுப்புரம். பேட்டரி செத்த மடிக்கணினியில் பாதி எழுதிய கோப்பு எந்த நேரமும் துண்டிக்கப்படலாம். விம் 200 எழுத்துக்கு ஒரு முறையோ, கை நின்று 4 விநாடி ஆனதுமோ எழுதியதை ஒரு ஸ்வாப் கோப்பில் போட்டுவைக்கிறது. டி அழுத்தினால் அதைத்தான் அழிக்கிறீர்கள். ரெக்கவருக்கான ஆர் அழுத்துங்கள். வந்த வரிகளைச் சரிபார்த்துச் சேமியுங்கள். அதன் பிறகே ஸ்வாப் கோப்பை நீக்குங்கள். அந்த எச்சரிக்கையிலேயே விம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று இருந்தால், மின்வெட்டு காரணமில்லை. முன்பு கன்ட்ரோல் இசட்டில் நிறுத்தியது பின்னால் நிற்கக்கூடும். கியூ அழுத்தி வெளியே வந்து எஃப்-ஜி அடியுங்கள்.