பிரேக் குழாய்க்கு வாஷர் வாங்கும்போது

பினாங்கின் துன் சார்டோன் சாலையில் மலையேறி பாலிக் புலாவ் பக்கம் இறங்குகிறவர்கள் வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தொட்டே ஆகவேண்டும். கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தம் 32 பிஎஸ்ஐ அளவுதான். பிரேக்கை ஓங்கி மிதித்தால் பிரேக் குழாய்க்குள் அழுத்தம் 1,000 பிஎஸ்ஐயைத் தாண்டும். அந்த அழுத்தத்தைக் காலிப்பர் முனையில் கசியவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை, அற்ப விலைக்கு விற்கும் இரண்டு செம்பு வாஷர்கள்.

செய்ய வேண்டியவை

• ஹோஸைக் காலிப்பரோடு பிணைக்கும் பேஞ்சோ போல்ட்டைக் கழற்றினால் வாஷரையும் மாற்றுங்கள். செம்பு மென்மையாக இருப்பதால்தான் நசுங்கி, எதிர்முகத்தின் நுண்ணிய கீறல்களை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியதும் இறுகிவிடும். அடுத்த தடவை இடம் கொடுக்காது. பழைய மெக்கானிக்குகள் அதைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டு மறுபடி இளக்குவார்கள். வித்தை உண்மையானதுதான். மோரிஸ் மைனர் கார் வைத்துக்கொண்டு உதிரிக்கு அலைபவர் செய்துகொள்ளட்டும். மற்றவர்களுக்குக் கடை இருக்கிறது. அலுமினிய வாஷரிடம் மட்டும் இந்த வேலை ஆகாது. அது கண்ணுக்குச் சிவப்பே காட்டாமல் 660 டிகிரியில் உருகிவிடும்.

• எண்ணி வாங்குங்கள். ஒரு ஹோஸ் என்றால் அதன் வளையத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒரே போல்ட்டில் இரண்டு ஹோஸ் சேர்ந்தால் மூன்று.

• பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு பாருங்கள். ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களில் போல்ட் பெரும்பாலும் 10 மிமீ, மரையிடைவெளி 1.25. ஐரோப்பிய வண்டிகளில் பல 10 மிமீயே ஆனாலும் இடைவெளி 1.0. வாஷர் இரண்டுக்கும் பொருந்தும், போல்ட் பொருந்தாது! பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் முதலில் விரலால் திருகுங்கள். இரண்டு சுற்றில் சிக்கினால் ஸ்பேனரைத் தொடாதீர்கள். அலுமினியக் காலிப்பரின் மரை போய்விட்டால் செலவு எங்கோ போய் நிற்கும். பழைய ஆங்கிலேய, அமெரிக்க வண்டிகளில் 3/8 அங்குல அளவும் உண்டு. அது 9.5 மிமீ.

• வேலை முடிந்து காற்றெடுத்த பிறகு பிரேக்கை இறுக்கிப் பிடித்து, இணைப்பைச் சுற்றி வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• எஞ்சின் ஆயில் வடிக்கும் மூடிக்கான வாஷரைப் போடாதீர்கள், ஓட்டை சரியாக உட்கார்ந்தாலும்கூட. அங்கே அழுத்தம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அட்டை போன்ற ஃபைபர் வாஷருக்கும் இதே பதில்.

• ரப்பர் ஒட்டிய வாஷரை விவரம் கேட்காமல் வாங்காதீர்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலில் ஊறி உப்பிவிடும். அதற்கு ஈபிடிஎம் வேண்டும்.

• இரும்புக் குழாயின் விரித்த நுனி நேராக உட்காரும் இடத்தில் வாஷர் திணிக்காதீர்கள். அங்கே உலோகமும் உலோகமும் பொருந்தியே அடைபடுகிறது. நடுவில் ஒன்றை வைத்தால்தான் கசியும்.

• கசிகிறது என்று மேலும் மேலும் முறுக்காதீர்கள். பேஞ்சோ போல்ட் உள்ளே குடைந்தது, பக்கவாட்டிலும் துளையிட்டது. முறியத் தயாராகவே இருக்கிறது. ஹோண்டா தன் பல மோட்டார்களுக்குச் சொல்லும் அளவு 34 நியூட்டன் மீட்டர்தான். கழற்றி, முகத்தைத் துடைத்து, கீறல் பார்த்து, புது வாஷர் போடுங்கள். வெள்ளை டேப்பும் சிலிக்கான் பசையும் இங்கே வேண்டாம். பிய்ந்த துணுக்கு உள்ளே போய்த் துளையை அடைத்தால் பிரேக்கே பிடிக்காது.

• லோரோங் கூலிட் சந்தையில் பழைய விளக்கு, பழைய ரேடியோ வாங்குங்கள். பழைய வாஷர் வேண்டாம்.

• சிந்திய பிரேக் ஆயிலைத் துணியால் மட்டும் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். பெயின்ட்டை உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

• டிஷ்யூவில் ஈரம் கண்டால் வண்டியை எடுக்காதீர்கள். பாலிக் புலாவுக்கு ரேப்பிட் பினாங் பஸ் ஓடுகிறது.