மைத்துனன் பிடித்த கயிறும் மணிக்கட்டுக் கணிப்பொறியும்

முன்னுரை

சின்னசேலம் கடலைக் காணாத ஊர். மேற்கே கல்வராயன் மலையும் சுற்றிலும் வயல்களும் கிணறுகளுமே நம் மாணவர் கண்ட உலகம். எனினும், கிணற்றின் அடியில் விழுந்த செம்பை மூழ்கி எடுத்து வந்த இளைஞர் நம்மிடையே பலர் உளர். அவ்வாறு மூழ்குங்கால் காது அடைத்து வலிப்பதை அவர்கள் அறிவர். நீரின் எடை உடலை அழுத்துகின்றது என்னும் உண்மையை அந்த வலியே முதலிற் கற்பிக்கின்றது. அவ்வழுத்தத்தை அளந்து காட்டி, மூழ்குவோரை நலமாகக் கரை சேர்க்கும் பொருட்டு உருவான சிறு கருவியே முக்குளிப்புக் கணிப்பொறி. அக்கருவியைப் புதிதாக வாங்கியவர் அதனை எவ்வாறு அமைத்துப் பழகுதல் வேண்டும் என்பதைத் தமிழர்தம் முத்துக்குளித்தல் மரபோடு இணைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முத்துக்குளித்தலும் கயிறும்

கொற்கை முத்தின் பெருமையைச் சங்க இலக்கியம் பேசும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைக்கு வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பைத் தம் நூலில் விரித்துரைத்தார். பரதவரும், கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் இத்தொழிலிலும் இதனைச் சார்ந்த வணிகத்திலும் நெடுங்காலம் சிறந்து விளங்கினர். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடைபெற்றவையே அங்கு நிகழ்ந்த பெரிய முத்துக்குளிப்புகளுள் இறுதியானவை.

குளிப்பவர் கல்லின் துணையால் விரைந்து கீழிறங்குவார். ஒரே மூச்சில் சிப்பிகளைச் சேர்ப்பார். கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். அக்கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பை மைத்துனனிடமே ஒப்படைப்பர் என்று சொல்லும் வழக்கு உண்டு. தன் உடன்பிறந்தாள் கைம்பெண் ஆகிவிடலாகாதே என்னும் அக்கறை அவனுக்கு இருக்கும் அன்றோ! ஆழத்தையும் நேரத்தையும் மனத்திற் கொண்டு காத்திருந்த அம்மைத்துனனே அக்காலத்துக் கணிப்பொறி எனலாம்.

அழுத்தக் காற்றும் நோயும்

ஒரே மூச்சில் மூழ்குவோர் மேற்பரப்பில் இழுத்த காற்றை மட்டுமே கொண்டு செல்வர். ஆனால் 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கூஸ்தோவும் காஞ்ஞானும் உருவாக்கிய மூச்சுக்கருவி வந்த பின்னர், உருளையில் அடைத்த காற்றை நீருக்கடியிலேயே நெடுநேரம் மூச்சிழுக்க இயன்றது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. அழுத்தம் கூடக் கூட, மூச்சிழுக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் மிகுதியாகக் கரைகின்றது. மெல்ல மேலேறினால் அது மூச்சின் வழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினாலோ, திறந்த சோடாப் புட்டியில் நுரை பொங்குவதுபோல உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றும். மூட்டுவலி, மரமரப்பு, கால் செயலிழத்தல், சிலபோது மரணம் ஆகியவை அதன் விளைவுகள்.

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்திற்கு ஆற்றடியில் அடித்தளம் இட்ட தொழிலாளர் இந்நோயால் துன்புற்றனர். 1872இல் அதன் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் இதற்கு ஆளானார். 1878இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் நைட்ரஜன் குமிழிகளே காரணம் என விளக்கினார். 1908இல் ஹால்டேன் என்னும் பிரித்தானிய அறிஞர், வெள்ளாடுகளைக் கொண்டு ஆய்ந்து, படிப்படியாக நின்று மேலேறும் அட்டவணையைத் தம் துணைவருடன் வெளியிட்டார். இன்றைய கணிப்பொறிக்குள் இருப்பது அவ்வட்டவணையின் வளர்ச்சியே ஆகும்.

இஃது ஏதோ அயல்நாட்டார் சிக்கல் அன்று. மன்னார் வளைகுடாவில் ஒரே மூச்சில் சங்கு குளித்து வந்த நம் மக்களுள் பலர், பிற்காலத்தில் படகிலுள்ள அழுத்தப் பொறியிலிருந்து குழாய் வழியே காற்றைப் பெற்று மூழ்கலாயினர். மூச்சு நீண்டது, சங்கும் மிகுதியாகக் கிடைத்தது. ஆனால் மைத்துனன் காத்த எல்லை மறைந்தது. எவ்வளவு நேரம் இருந்தோம், எவ்வளவு விரைவில் ஏறினோம் என்று கணக்கிடாதவர் இந்நோயின் வாயிலேயே நிற்கின்றார்.

கணிப்பொறி செய்யும் பணி

இக்கருவியின் உள்ளே இருப்பவை அழுத்தம் அறியும் உணர்வியும் கடிகாரமும் கணக்கிடும் சில்லும் ஆகும். உடலின் பகுதிகள் சில விரைவாகவும் சில மெதுவாகவும் நைட்ரஜனை ஏற்கும். ஹால்டேன் அவற்றை ஐந்து பிரிவுகளாகக் கொண்டார். சூரிச் நகரின் பூல்மான் பின்னர் பதினாறாக விரித்தார். கணிப்பொறி அத்தகைய கணக்கினை இடைவிடாது செய்து, நிறுத்தமின்றி மேலேற இன்னும் எத்தனை நிமிடம் உள்ளது என்று காட்டும். 18 மீட்டர் ஆழத்தில் அது முதன்முறை மூழ்குவோர்க்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமாக இருக்கும். 30 மீட்டரிலோ இருபது நிமிட அளவாகச் சுருங்கும். இவ்வளவு கருவிக்குக் கருவி சற்று மாறுபடும்.

அமைக்கும் முறை

கருவியை வாங்கியதும் கையேட்டை முழுமையாகப் படித்தல் வேண்டும். பின்னர்ப் பின்வருவனவற்றை நிரல்பட அமைத்தல் நலம்.

1. அளவும் நேரமும்: ஆழத்தை மீட்டரில் அமைத்து, நாள், நேரம் ஆகியவற்றைச் சரிசெய்க. உடன் மூழ்குவோரும் அதே அளவையே கொள்ளல் வேண்டும். ஒருவர் அடியிலும் ஒருவர் மீட்டரிலும் எண்ணினால் குழப்பமே மிஞ்சும்.

2. காற்றின் கலவை: சாதாரணக் காற்றுக்கு ஆக்சிஜன் 21 விழுக்காடு என அமைக்க வேண்டும். ஆக்சிஜன் 32 விழுக்காடு உள்ள செறிவூட்டிய காற்றும் உண்டு. சாதாரணக் காற்றை மூச்சிழுத்துக்கொண்டு கருவியில் 32 என்று அமைத்தால், நைட்ரஜன் குறைவென்று கருவி ஏமாந்து கூடுதல் நேரத்தைக் காட்டும். மாறாக, 32 விழுக்காட்டுக் கலவையை 21 என அமைத்தால் ஆக்சிஜன் நச்சாகும் ஆழத்தை அஃது எச்சரியாது. அக்கலவைக்கு வழக்கமான எல்லை 33 மீட்டர் அளவாகும். எனவே ஒவ்வொரு முறையும் உருளையைச் சோதித்த பின்னரே எண்ணை இடுக.

3. நீரின் வகை: கடல்நீர் நன்னீரினும் அடர்த்தி மிக்கது. கடலில் 10 மீட்டரில் உள்ள அழுத்தம் நன்னீரில் ஏறத்தாழ 10.3 மீட்டரிலேயே உண்டாகும். நம் கோமுகி அணை நீருக்கும் தூத்துக்குடிக் கடலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

4. இடத்தின் உயரம்: மலைமேலுள்ள ஏரிகளில் காற்றழுத்தம் குறைவு. சில கருவிகள் இதனைத் தாமே அறியும். சிலவற்றில் நாமே அமைத்தல் வேண்டும்.

5. எச்சரிக்கை அளவு: கணக்கினைச் சற்றே கடுமையாக்கிக் கொள்ளும் வசதி பல கருவிகளில் உண்டு. புதியவர், வயது முதிர்ந்தவர், உடல் பருத்தவர், களைத்தவர் ஆகியோர் கடுமையான அளவையே தேர்தல் நன்று.

6. மின்கலமும் வளையமும்: மின்கலத்தின் நிலையைப் பார்த்தல் வேண்டும். அதனை மாற்றினால், நீர் புகாது தடுக்கும் ரப்பர் வளையத்தில் மணலோ முடியோ ஒட்டியுள்ளதா என ஆராய்க.

பழகிக்கொள்ளும் முறை

நூலைப் பொருளுணர்ந்து ஓதுவதுபோல் கருவியின் முகப்பையும் ஓதிப் பழகுதல் வேண்டும். முதலில் வீட்டிலிருந்தே திட்டமிடும் பகுதியைத் திறந்து, ஒவ்வோர் ஆழத்திற்கும் எத்தனை நிமிடம் என்று பார்க்கலாம். அடுத்து, பயிற்சியாளருடன் நீச்சல் குளத்தில் அணிந்து, பொத்தான்களைப் பார்க்காமலே அழுத்தப் பழகலாம். ஆழம், கழிந்த நேரம், எஞ்சிய நேரம், ஏறும் வேகம் ஆகிய நான்கும் முகப்பில் எங்கெங்கே தோன்றும் என்பதை ஒரே பார்வையில் அறிதல் இன்றியமையாதது.

கடலில் நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலேறுக. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் காப்பு நிறுத்தம் செய்க. கருவி கட்டாய நிறுத்தம் காட்டினால் அஃது எவ்வளவு நேரமாயினும் கீழ்ப்படிக. ஒருவர் கருவியை மற்றவர் அணிதல் கூடாது. காலையில் ஒருவர் உடலில் கரைந்த நைட்ரஜனின் கணக்கு மாலையில் வேறொருவர்க்குப் பொருந்துமோ? நீரடியில் கருவி பழுதானால் மெல்ல மேலேறிக் காப்பு நிறுத்தம் செய்து, அன்று மீண்டும் மூழ்காதிருத்தல் வேண்டும்.

கரையேறிய பின்னும் கடமை முடிவதில்லை. பல முறை மூழ்கியவர் வானூர்தி ஏறுவதற்கு முன் 18 மணி நேரமேனும் காத்திருத்தல் வேண்டும். மலையேற்றமும் இத்தகையதே. தூத்துக்குடியில் மூழ்கிவிட்டு அன்றே ஏறத்தாழ 7000 அடி உயரமுள்ள கொடைக்கானலுக்குச் செல்வது பேதைமை. நம் கல்வராயன் மலை அவ்வளவு உயரமன்று எனினும், அங்குச் செல்வோரும் ஒருநாள் பொறுத்தலே நன்று. மரமரப்போ வலியோ தோன்றினால் உடனே ஆக்சிஜன் அளித்து, அழுத்த அறைச் சிகிச்சை உள்ள மருத்துவமனையை நாடுதல் வேண்டும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று மருத்துவர் வினவும்போது, கருவியிற் பதிந்த குறிப்பே சான்று பகரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். மைத்துனன் பிடித்த கயிறு குளிப்பவரை இழுத்தது. மணிக்கட்டில் கட்டிய கணிப்பொறி இழுப்பதில்லை, சொல்லமட்டுமே செய்கின்றது. நேற்றிரவு நாம் உறங்கினோமா, போதிய நீர் அருந்தினோமா என்பதும் அதற்குத் தெரியாது. ஆகவே, கயிற்றின் காலத்தில் மைத்துனனிடம் இருந்த பொறுப்பு இக்காலத்தில் குளிப்பவரிடமே வந்து சேர்ந்துள்ளது.

இங்குத் தமிழ்த்துறையினர்க்கும் ஒரு பணி உண்டு. இக்கருவிகளின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலம் முதலிய பிற மொழிகளிலேயே வருகின்றன. இவற்றை மிகுதியும் வேண்டுவோரோ தமிழே அறிந்த சங்கு குளிப்போர். ஆழத்தைப் ‘பாகம்’ என்றும், முத்து விளையும் திட்டினைப் ‘பார்’ என்றும் வழங்கும் அவர்தம் சொற்களோடு, காப்பு நிறுத்தம், ஏறும் வேகம், கரையிடைவெளி முதலிய கலைச்சொற்களையும் சேர்த்து எளிய தமிழில் ஒரு சிறு கையேடு எழுதினால், அஃது ஒரு குடும்பத்தின் தலைவனையேனும் கால் வழங்காமற் போகாது காக்கும். மாணவச் செல்வங்கள் இப்பணியை மேற்கொள்வார்களாக!