வெட்டாமலே செத்த காய்

காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகளும் ஆறாவது படிக்கும் தம்பி பையனும் செல்போனில் பார்த்து ‘கோ’ விளையாட்டைக் கற்றுக்கொண்டார்களாம். பழைய காலண்டர் அட்டையின் முதுகில் ஒன்பதுக்கு ஒன்பது கோடு. கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்குச் சோழி. ஆடும்வரை சண்டையில்லை, எண்ண உட்கார்ந்தால்தான் வீடு இரண்டாகிறது. “அது செத்துப்போச்சுடா, எடுத்து வை” என்கிறாள் அக்கா. “இன்னும் வெட்டவே இல்ல, எப்படிக்கா செத்துச்சு?” என்கிறான் இவன். “எனக்குத் தெரிந்தது ஆடுபுலி மட்டும். நான் யார் பக்கம் பேசுவது?” என்று கேட்டு, தகராறான பலகையைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

ஆடுபுலியில் மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டினால் ஆடு பலகையை விட்டுப் போய்விடும். நகரவும் தாண்டவும் வழியில்லாமல் அடைபட்டால் புலி கட்டு. எல்லாம் கண்ணெதிரே நடந்து முடிந்த பிறகுதான் கணக்கு. அந்தப் பழக்கத்தில் வந்த யாருக்கும் பையன் கேட்ட கேள்விதான் முதலில் தோன்றும்.

கோ ஆட்டம் வேறு மாதிரி முடிகிறது. கோடுகள் சந்திக்கும் புள்ளியில் காயை வைத்தால் அது நகராது. அதை ஒட்டிய காலிப் புள்ளிகள் அதற்கு மூச்சு. ஒட்டி நிற்கும் ஒரே நிறக் காய்கள் ஒரு கூட்டம். கூட்டத்தின் மூச்சு முழுக்க அடைபட்டால் மொத்தமாக வெட்டு. இனி வைத்துப் பயனில்லை என்று இருவரும் அடுத்தடுத்து ‘பாஸ்’ சொன்னால் ஆட்டம் நிற்கும். அப்போது எதிரியின் வேலிக்குள் தப்பவே முடியாத காய்கள் சில கிடக்கும். அவற்றைச் சுற்றி அடைத்து வெட்ட வேண்டியதில்லை. இருவரும் ஒப்புக்கொண்டால் கையால் எடுத்து வைத்துவிட்டு எண்ணலாம். அதாவது, இனிமேல் ஆடினால் என்ன நடக்கும் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். ஒத்துப்போகாவிட்டால் ஆடிக் காட்டுவதுதான் வழி.

எடுத்துவைக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: காய்க்காரரே முதலில் வைத்தாலும், எதிராளி சரியாகப் பதில் சொன்னால் அது சாகுமா? செத்தால் செத்ததுதான். பிழைக்கும் வழி முக்கியமாக மூன்று. எதிராளி கைவைக்க முடியாதபடி தனித்தனியாக இரண்டு காலி அறை, அதாவது இரண்டு கண், கட்டிக்கொள்வது. வெளியே உயிரோடிருக்கும் தன் கூட்டத்தோடு சேர்வது. சுற்றியிருக்கும் வேலியிலேயே ஒரு பகுதியை வெட்டிவிடுவது. பிள்ளைகள் முதல் இரண்டையும் பார்ப்பார்கள். மூன்றாவதைப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் விஷயமே அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

படம் இதுதான். இடப்பக்கக் கீழ் மூலையில் மூன்றுக்கு மூன்று, ஒன்பது புள்ளி. நடுவில், அடி ஓரத்திலிருந்து மேலாக வரிசையாய் மூன்று சோழி. அவற்றுக்கு இடப்புறம் மூன்று புள்ளி காலி, வலப்புறம் மூன்று காலி. மேலே மூன்று புளியங்கொட்டையும் வலப்பக்கம் மூன்று புளியங்கொட்டையும் வேலி. வலப்பக்க வேலி அடி வரிசை வழியாக இன்னொரு கறுப்புக் கூட்டத்தோடு சேர்ந்து திடமாக இருக்கிறது. மேல் வேலிக்கு அப்பால் வெள்ளைதான். இரண்டு வேலியும் சந்திக்க வேண்டிய வெளிமுக்கில் கறுப்புக் காய் இல்லை.

அந்த வெளிமுக்கு காலியாக இருந்தவரை மூன்று சோழியும் செத்தவையே. சோழிக்காரன் முதலில் வைத்துப் பார்க்கட்டும். இடப்புற ஓரத்தில் மேல் புள்ளியை அடைத்தால் அவனுக்கு மிஞ்சுவது இரண்டு காலிப் புள்ளி, ஒரே அறை, ஒரு கண். வலப்புற மூன்று புள்ளிகளும் கறுப்பு வேலியை ஒட்டியவை. அங்கே கண் கட்ட இடமே இல்லை. வேலியின் உள்முக்கில், அதாவது ஒன்பது புள்ளியில் மேல் வலக்கோடியில், வைத்தால் அக்கா வெளிமுக்கில் வைத்து இரண்டு வேலியையும் சேர்த்துவிடுவாள். வெளிமுக்கைப் பிடித்தால் அவள் உள்முக்கை அடைப்பாள். எது போனாலும் இன்னொன்று கையில் இருக்கிறது.

ஆனால் படத்தில் வெளிமுக்கில் ஒரு சோழி உட்கார்ந்திருக்கிறது. பையன் கடைசியாக வைத்தது அதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கும் சொந்தமில்லாத பொதுப் புள்ளி, வெறுமே அடைக்கிறான் என்று நினைத்து அக்கா பாஸ் சொன்னாள். அவனும் பாஸ் சொன்னான்.

வீராணத்துத் தண்ணீர் பாயும் வயலில் வரப்பு பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஓர் எலி வளை போதும். அவன் பாஸ் சொல்லாமல் உள்முக்கில் இன்னொரு சோழி வைத்திருந்தால் மேல் வேலி தனியாகிவிடும். அதற்கு இருக்கும் மூச்சு இடப்புற ஓரத்து மேல் புள்ளி ஒன்றுதான். அக்கா அங்கே வைத்து நீட்டினாலும் அடுத்த புள்ளியில் அவன் அடைத்து நான்கு கொட்டையையும் அள்ளிவிடுவான். செத்த சோழிகள் எழுந்து வேலியைத் தின்றிருக்கும். பொதுப் புள்ளிகளை அடைக்கும் கட்டத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது என்று கவனத்தைத் தளரவிடுகிறார்கள். எதிராளி வேலியை ஒட்டி ஒரு காய் வைக்கும்போதெல்லாம், ‘இப்போது என் மூச்சு எத்தனை? என் காய்கள் சேர்ந்திருக்கின்றனவா?’ என்று பார்த்துவிட்டுத்தான் பாஸ் சொல்ல வேண்டும். பொதுப் புள்ளி எல்லாம் அடைபட்ட பிறகே எண்ணத் தொடங்கச் சொல்லுங்கள். வீட்டுத் தகராறில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

சரி, தீர்ப்பு. இருவரும் பாஸ் சொல்லியாகிவிட்டது. பையன் இப்போது விழித்துக்கொண்டு “மறுபடி ஆடலாம்” என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 1989ஆம் ஆண்டு ஜப்பானிய விதிப்படி, நிறுத்திய ஆட்டத்தைத் தொடரச் சொன்னால் எதிராளி மறுக்கக் கூடாது. ஆனால் முதலில் வைக்கும் உரிமை அந்த எதிராளிக்குத்தான். அமெரிக்க கோ சங்கத்தின் விதியில் முறை மாறாமல் தொடரும். கடைசியாகப் பாஸ் சொன்னவன் பையன், ஆகவே அங்கும் அடுத்த கை அக்காவுடையதே. அவள் உள்முக்கை அடைப்பாள். மூன்று சோழியும் செத்தவை. அக்கா சொன்ன முடிவு சரி, ஆனால் அவள் நினைத்த காரணத்தால் இல்லை. பையன் தோற்றது அந்த ஒரு பாஸில். இதை இருவருக்கும் பலகையில் வைத்தே காட்டுங்கள். வாயால் சொன்னால் ஆறாவது படிக்கிறவன் ஒப்புக்கொள்ள மாட்டான், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

ஆடிக் காட்டுவதற்கு என்ன விலை என்பது எண்ணும் முறையைப் பொறுத்தது. ஜப்பானிலும் கொரியாவிலும் நாம் வளைத்த காலிப் புள்ளிகளும் நம் கையில் சிக்கிய காய்களும்தான் கணக்கு. நம் மூலையில் அக்கா உள்முக்கை அடைத்த பிறகு, சோழிகளை எடுத்துவிட்டால் காலிப் புள்ளி 8, சிக்கிய சோழி 3, ஆக 11. பையன் பிடிவாதமாக “வெட்டிக் காட்டு” என்று சொல்லிவிட்டுப் பாஸ் பாஸ் என்று உட்கார்ந்திருந்தால், அக்கா தன் இடத்திலேயே இன்னும் ஐந்து கொட்டை போட வேண்டும். கடைசியில் மிஞ்சுவது காலி 3, சோழி 3, வெறும் 6. செத்த காய்க்காக ஐந்து புள்ளி தண்டம். அதனால்தான் ஜப்பானிய முறையில் தகராறு வந்தால் ஆடிப் பார்த்துவிட்டு, பலகையைப் பழையபடி வைத்து எண்ண வேண்டும். இதற்குச் செல்போன் உதவும். பாஸ் சொன்னதும் ஒரு படம், பிறகு ஆடிப் பார்ப்பது, படத்தைப் பார்த்துத் திரும்ப அடுக்குவது.

சீன முறையில் இந்தத் தண்டமே கிடையாது. வளைத்த காலிப் புள்ளியோடு பலகையில் உயிரோடு நிற்கும் சொந்தக் காயும் ஒவ்வொரு புள்ளி. மூலையின் ஒன்பதும் அக்காவுக்கே, அவள் உள்ளே எத்தனை கொட்டை போட்டாலும் ஒன்பதுதான். சந்தேகமா, வெட்டிக் காட்டு, நஷ்டமில்லை. 2016 மார்ச்சில் சியோலில் கொரிய ஆட்டக்காரர் லீ செடோலும் ஆல்பாகோ என்ற கணினி நிரலும் மோதியது சீன விதிப்படிதான். உங்கள் வீட்டுக்கும் அதையே சொல்வேன். புதிதாகக் கற்பவர்களுக்கு ஜப்பானிய முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு சண்டை போடாதீர்கள் என்பது நியாயமாகப் படவில்லை. செல்போனில் ஜப்பானிய முறை பழகிவிட்டது, மாற்ற மாட்டோம் என்று அடம்பிடித்தால், அமெரிக்க விதியிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம்: பாஸ் சொல்லும் ஒவ்வொரு முறையும் எதிராளிக்கு ஒரு காய் கொடுக்க வேண்டும். அதோடு, கடைசிப் பாஸ் எப்போதும் வெள்ளையுடையதாக இருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து அக்காவின் இடத்தைக் கரைக்கும் தந்திரம் அதோடு ஒழியும்.

பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்களே என்று வருத்தப்பட வேண்டாம். 1928இல் ஜப்பானில் செகோயே கென்சாக்குவும் தகாஹாஷி ஷிகேயுகியும் ஆடிய ஆட்டத்தில், ஒரு மூலையை எப்படி முடிப்பது என்று பெரிய வழக்கே ஆனது. கடைசியில் செகோயேவுக்கு வெற்றி, ஆனால் தகாஹாஷிக்குத் தோல்வி இல்லை என்று தீர்ப்புச் சொல்லி ஒப்பேற்றினார்கள். எழுத்தில் முறையான விதி அங்கே வந்தது 1949இல்தான். அதைத் திருத்தி, ஆடிப் பார்த்துத் தீர்மானிக்கும் முறையைப் புகுத்தியது 1989இல்.

வெட்டிய காய்களை எங்கே வைக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 2025 ஜனவரியில் கொரியாவில் எல்ஜி கோப்பை இறுதிச் சுற்று. சீனாவின் கே ஜியே முதல் ஆட்டத்தை வென்றிருந்தார். சீன முறையில் வெட்டிய காய்க்குக் கணக்கில் வேலையில்லை, அதனால் எங்கே கிடந்தாலும் கவலையில்லை. கொரிய முறையில் ஒவ்வொன்றும் புள்ளி. அவற்றைக் காய்க்கிண்ணத்தின் மூடியில், எதிராளி கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று சில மாதம் முன்புதான் விதி போட்டிருந்தார்கள். கே ஜியே வைக்கவில்லை. அபராதம் இரண்டு முறை விழ, இரண்டாவது ஆட்டம் பறிபோனது. மூன்றாவதிலும் அதே அபராதம் வந்தபோது அவர் ஆட்டத்தைத் தொடரவில்லை. கோப்பை எதிராளியான கொரியாவின் பியோன் சாங்-இல்லுக்குப் போயிற்று. பலகையில் ஒரு காய்கூடத் தகராறில் இல்லை. உங்கள் வீட்டில் ஆளுக்கொரு கொட்டாங்குச்சி போதும். மடியிலும் பாக்கெட்டிலும் போடக் கூடாது.

இன்னும் சில இடங்களில் பிள்ளைகள் வழுக்குவார்கள். ஓர் அறைக்குள் காலிப் புள்ளி மூன்று ஒரே கோட்டில் இருந்தால், நடுவில் முதலில் வைப்பவர் பக்கம் தீர்ப்பு. அவர் உள்ளே இருப்பவரானால் இரண்டு கண், எதிராளியானால் சாவு. அடுத்து வைப்பது யார் என்பதைப் பொறுத்து உயிர் மாறும் கூட்டம் இருந்தால் ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம், யாரும் பாஸ் சொல்லக் கூடாது. நான்கு ஒரே கோட்டில் இருந்தால் உயிர். நான்கும் சதுரமாக இருந்தால் நாமே முதலில் வைத்தாலும் பிழைக்காது, உள்ளே ஒன்றை வைத்ததும் மிச்சம் மூன்றாகி நடுப்புள்ளி எதிராளிக்குப் போய்விடும்.

கண் மாதிரி தெரிந்து கண்ணில்லாமல் போவதும் உண்டு. பலகையின் நடுவே உள்ள கண் நிலைக்க, அதன் நான்கு குறுக்குப் புள்ளிகளில் குறைந்தது மூன்று நம்மிடம் இருக்க வேண்டும். ஓரத்தில் இரண்டும் வேண்டும், மூலையில் இருக்கும் அந்த ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் அந்தக் கண்ணை நாமே அடைக்க நேரும்.

இரண்டு கூட்டமும் கண்ணில்லாமல், இரண்டே மூச்சைப் பங்குபோட்டு நிற்பதும் நடக்கும். யார் முதலில் அங்கே வைத்தாலும் அவர் கூட்டம் வெட்டுப்படும், அதனால் இருவருமே தொட மாட்டார்கள். இதற்குச் ‘செகி’ என்று பெயர். இரண்டும் உயிர். அக்கா அவசரப்பட்டுச் சோழிகளை எடுக்கப் போகும் இடம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். “நீ வெட்டிக் காட்டு” என்று பையன் சொன்னால் அங்கே அவன் பக்கம் பேசுங்கள்.

செல்போன் செயலிகள் செத்த காய்களைத் தாமே நிறம் மாற்றிக் காட்டும். நல்லாட்டக்காரர்கள் பலகையில் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் வேலியில் ஓட்டை விட்டுப் பாஸ் சொல்லும் ஆரம்பக்காரர்கள் பலகையில் ஏமாந்துபோகலாம். ‘சரி’ பொத்தானை அழுத்தும் முன் இருவரும் தனித்தனியாக ஒரு முறை பார்க்கட்டும்.

பெரிய பலகைக்கு இப்போதே போக வேண்டாம். உங்களைக் கூப்பிடாமல் இருவரும் நாலைந்து ஆட்டம் எண்ணி முடிக்கட்டும், பிறகு பதின்மூன்று கோடு. இப்போதைய பலகைக்கு 41 கொட்டை, 40 சோழி போதும். பதின்மூன்றுக்கு 85, 84 வேண்டும். புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. சோழி அவ்வளவு சேராவிட்டால் வெள்ளை மொச்சை போடுங்கள், வண்டு விழாமல் வெயிலில் காயவைத்து.