உதைப்பதற்கு முன்னால்

1955-ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் கைகோத்ததன் பயனாகத் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய புல்லட் மோட்டார் சைக்கிள், அதன் பின் பல பத்தாண்டுக் காலம் அடிப்படை அமைப்பில் பெரிய மாறுதல் ஏதுமின்றியே வெளிவந்தது. ஆகையால், அந்தப் பழைய வார்ப்பிரும்புச் சிலிண்டர் வண்டிகளை இன்றும் பிரியத்துடன் பராமரித்து வருகிறவர்கள் காலை வேளையில் படும் கஷ்டங்களும் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவையாகவே இருக்கின்றன. நெடுநாள் அத்தகைய வண்டி ஒன்றுடன் பழகியதில் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம் இதுதான்: கிளம்ப மறுக்கும் வண்டியை மேலும் மேலும் உதைப்பதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை, முதலில் அதை விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைக்கு உதவும் பிரதானமான கருவியோ, ஹெட்லைட் கூட்டின் மேல், நம் கண்ணெதிரேயே, ஆம்பியர் மீட்டர் என்ற பெயரில் அமர்ந்திருக்கிறது.

புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகங்களுக்கு நடுவிலேயே வாழ்நாளைக் கழித்த முதிய மெக்கானிக் ஒருவர், “காலுல பலம் வேணாம் சார், கண்ணு முள்ளு மேல இருந்தாப் போதும்” என்று எனக்குச் சொன்னதுண்டு. அதன் பொருளை விளக்குகிறேன். சாவியைத் திருப்பிவிட்டு கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே போனால், பிளாட்டினம் பாயிண்ட் மூடியிருக்கும் வரையில் காயிலுக்கு மின்சாரம் பாய்வதால் முள் கழித்தல் பக்கம் சாய்ந்து நிற்கும். பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியை நெருங்கும்போது பாயிண்ட் திறந்துகொள்ள, முள் துள்ளி நடுவுக்கு வரும். அந்தக் கணத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் சிறிதளவு மட்டும் அழுத்தி, பிஸ்டன் உச்சியைத் தாண்டியதும் லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன் பிறகு அடி வரைக்கும் ஒரே சீரான உதையாகக் கொடுக்க வேண்டும். 90 மில்லிமீட்டர் வீச்சுக்கொண்ட அந்தப் பெரிய பிஸ்டனும் கனத்த ஃப்ளைவீலும் அடுத்த அழுத்தத்தைச் சந்திக்குமுன் வேகம் பெறுவதற்கு இந்த உபாயம் இடமளிக்கிறது. இதைச் செய்யாமல் அழுத்தத்தின் நடுவில் உதைக்கிறவருடைய கணுக்காலைக் கிக்கர் திருப்பி அடித்துவிடும் அபாயம் உண்டாதலால், செருப்புக் காலுடன் இந்த வண்டியை உதைக்கவே கூடாது என்பதை மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அதே முள், வண்டியின் வியாதியையும் காட்டிக் கொடுக்கும். கிக்கரை எவ்வளவு சுற்றினாலும் முள் நடுவிலேயே அசையாமல் நின்றால், பாட்டரியின் முனையில் பச்சை பூத்திருக்கிறது, அல்லது ஃப்யூஸ் போயிருக்கிறது, அல்லது பாயிண்டின் முகத்தில் எண்ணெய்ப் படலம் படிந்து மின்சாரத்தைத் தடுக்கிறது என்று கொள்ளலாம். அதற்கு நேர்மாறாக முள் கழித்தல் பக்கத்திலேயே கிடந்து திரும்ப மறுத்தால், பாயிண்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி அற்றுப் போயிருக்கலாம், அல்லது கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம். பாயிண்டின் மூடியைக் கழற்றி, இடைவெளி மிக அகலமாகத் திறந்திருக்கும் நிலையில் ஃபீலர் கேஜால் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்த்து, முகத்தை மெல்லிய அரத்தால் தேய்த்து, சுத்தமான காகிதத்தைச் செருகி இழுத்துத் துடைத்துவிட்டால், கிளம்பாத வண்டிகளில் பெரும்பகுதி கிளம்பிவிடும் என்பது என் அனுபவம். ஆனால் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் உடன் மாறுகிறது என்பதை மறந்துவிடலாகாது. அகலப்படுத்தினால் தீப்பொறி முன்கூட்டியே பாய்ந்து, கிக்கர் திருப்பி அடிக்கும் குணம் வந்து சேரும்.

முள் ஒழுங்காக ஆடியும் வண்டி கிளம்பாவிட்டால், பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுதான் அடுத்த காரியம். அது நனைந்து பெட்ரோல் வாசனை வீசினால் எரிபொருள் வந்து சேருகிறது, பொறிதான் குறை. உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. நனைந்த பிளக்கைத் துடைத்து, தொப்பியில் மாட்டி, அதன் உடலைச் சிலிண்டர் ஹெட்டின் உலோகத்தில், பிளக் துவாரத்துக்குச் சற்றுத் தள்ளியே சாய்த்துவைத்துக் கிக்கரை அழுத்தினால் நீலப்பொறி சடக்கென்று பாய வேண்டும். மஞ்சளாகவும் சோனியாகவும் இருந்தால் காயில், வயர், தொப்பி ஆகியவற்றின் மீது சந்தேகம் செல்கிறது. பெட்ரோல் மிகுந்து போன வண்டிக்கு, பெட்ரோல் குழாயை மூடி, சாவியை அணைத்து, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்துவைத்துச் சில உதைகள் கொடுத்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறிவிடும்.

உலர்ந்த பிளக்கின் கதை வேறு. டாங்கின் மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருந்தாலும் பெட்ரோல் இறங்காது. அதைவிட அதிகமாகக் காணப்படுவது, சில வாரங்கள் ஓட்டாமல் நின்ற வண்டியின் கார்புரேட்டரில் பைலட் ஜெட் அடைத்துக்கொள்வது. முடியைப் போன்ற அந்த நுண்துவாரந்தான் வண்டி கிளம்புவதற்கும் சும்மா நின்று ஓடுவதற்கும் ஆதாரம். அதை இரும்புக் கம்பியால் குத்துவது மகா பாவம் என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் துவாரம் ஒரு நூல் பெருத்தாலும் ஜெட் கெட்டது. கிளீனர் தெளித்துக் காற்றால் ஊதுவதே முறை. இக்காலத்துப் பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையதாகையால், சென்னை போன்ற கடலோர ஊர்களில் வண்டியை நீண்ட நாள் நிறுத்துகிறவர்கள் குழாயை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவது உத்தமம். இன்னொன்று: மிக்கார்ப் கார்புரேட்டரில் சோக்கைத் தூக்கியிருக்கும்போது ஆக்சிலேட்டரைத் திருகினால் உள்ளே உறிஞ்சும் விசை குறைந்து சோக் பயனற்றுப் போகிறது, கைப்பிடியை மூடியபடியே உதைக்க வேண்டும்.

கிக்கர் தடையின்றி வழுக்கிக்கொண்டு இறங்குமானால் அழுத்தம் கசிகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங் என்று பதறுவதற்கு முன், டீகம்ப்ரஸரின் கேபிள் இறுகி வால்வைச் சற்றே திறந்து வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, இஞ்சின் குளிர்ந்திருக்கையில், பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் நிற்க, புஷ்ராடுகள் மேலுங்கீழும் ஆடாமல் விரலுக்குச் சுலபமாகச் சுழல்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். சுழல மறுத்தால் டேப்பெட் இறுகியிருக்கிறது. வால்வு முழுதும் அமரவில்லை.

காலையில் ஓர் உதையில் கிளம்பி, வெயிலில் தூரம் போய் நிறுத்தியபின் அசைய மறுக்கும் வண்டியில், சூட்டில் செயலிழக்கும் கண்டென்சரே பல சமயம் காரணமாக இருக்கும். இஞ்சின் ஓடும்போது பாயிண்டின் இடையே பெரிய நீலப்பொறி பறப்பது அதற்கு அடையாளம். விலை சொற்பமான அந்தச் சாமானில் புதிதாக ஒன்றும், பிளக் ஒன்றும், பிளக் ஸ்பேனரும், ஃபீலர் கேஜும், சிறிது உப்புக் காகிதமும் என் வண்டியின் பக்கப் பெட்டியில் எப்போதும் இருக்கும். பழைய புல்லட்டில் வெளியூர் புறப்படும் எவருக்கும் இவ்வைந்தையும் சிபாரிசு செய்கிறேன்.