மாமி கட்டச் சொல்லும் சேலை

கேள்வி: இரண்டாவது பிள்ளை பிறந்து நாலு மாதம். ஏழாம் மாதத்தில் தொடங்கிய நாரி நோ இன்னும் விடவில்லை. வலப்பக்கம், குண்டிக்குச் சற்று மேலே. கட்டிலில் புரண்டால், படி ஏறினால் குத்துகிறது. "இடுப்பெலும்பு விரிஞ்சு போச்சு, வயித்தைச் சுத்திச் சேலையால இறுக்கிக் கட்டு" என்கிறா மாமி. எலும்பு விரியுமா? கட்டினால் சேருமா?
- வாசகி, உரும்பிராய்

பதில்: விரியும், ஆனால் மாமி நினைக்கிற அளவுக்கு இல்லை. இரண்டு இடுப்பெலும்புகளும் முன்னால் குருத்தெலும்பால் இணைந்திருக்கின்றன. அந்த இடைவெளி வழக்கமாக 4, 5 மில்லிமீற்றர். கர்ப்பகாலத்தில் ஓமோன்கள் நார்களைத் தளர்த்த, இன்னும் 2, 3 மில்லிமீற்றர் கூடும். 10ஐத் தாண்டினால்தான் விலகல் என்போம்.

மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூலையும் வெளியிட்ட மண் இது. ஆகவே மிச்சத்தையும் விபரமாகவே சொல்கிறேன்.

உங்கள் நோ பின்பக்க மூட்டில். அங்கே இரு இடுப்பெலும்புகளுக்கும் நடுவே ஆப்பாக இறங்கியிருக்கிறது திருவெலும்பு. முதுகால் வரும் பாரம் அழுத்த அழுத்த, பின்னாலுள்ள தடித்த நார்கள் இழுபட்டு மூட்டு இறுகும். அது அசைவதே ஓரிரண்டு பாகைதான். நார்கள் தளர்ந்தால், இறுக்கிப் பிடிக்கும் வேலை அடிவயிறு, இடுப்புத்தளம், பிட்டம் ஆகியவற்றின் தசைகள் தலையில் விழும். பத்து மாதம் இழுபட்ட தசைகள் அல்லவா, தடுமாறுகின்றன.

படியில் ஏன் குத்துகிறது? ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு சரியாமல் பிட்டத்தின் பக்கத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போது அந்தத் தொடைமூட்டில் விழும் பாரம் உடல் எடையின் இரண்டரை மடங்களவு. மூத்த பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் இருத்திக்கொண்டு கறி கிளறுகிறீர்களா? கொஞ்ச நாளைக்கு அது வேண்டாம். உடுப்பை இருந்துகொண்டு போடுங்கள். கட்டிலில் முழங்கால்களைச் சேர்த்து வைத்தே புரளுங்கள்.

கட்டுவதில் மாமி பாதி சரி, இடம்தான் பிழை. வயிற்றை இறுக்கினால் அழுத்தம் கீழே இடுப்புத்தளத்துக்குப் போகும். தொடையெலும்பு பக்கவாட்டில் புடைத்திருக்கும் மேட்டுக்குச் சற்று மேலே கட்ட வேண்டும். முதலில் ஒரு சோதனை: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் வலக்காலை ஒரு சாண் தூக்குங்கள். பாரமாக இருந்தால், கணவரை இரண்டு கைகளாலும் இடுப்பை இருபக்கமும் உள்ளே அமத்தச் சொல்லி மறுபடி தூக்குங்கள். இப்போது கால் இலேசாக எழுந்தால், சேலைக்குப் பதிலாக அந்த இடத்தில் கட்டும் இடுப்பு பெல்ட் உதவும். நடமாடும்போது மட்டும் கட்டுங்கள், படுக்கும்போது கழற்றுங்கள்.

பெல்ட்டோடு நிறுத்த வேண்டாம். முழங்கால்களை மடக்கிப் படுத்து, மூச்சை விட்டபடி பிட்டத்தை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். நோ கூடினால் குறையுங்கள்.

கால் விறைத்தால், சலம் அடக்கவோ கழிக்கவோ முடியாவிட்டால், காய்ச்சலும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி. இல்லையென்றால் அடுத்த கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், இயன்மருத்துவரிடம் அனுப்ப வழிசெய்வா.