போல்ட் முட்டும் இடம்தான் பழுதைச் சொல்லும்

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே 2013-ல் உற்பத்தியைத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு ஆலைக்கும் நான் பழகிய ரைஃபிளுக்கும் பழைய உறவு உண்டு. இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்கு பாகங்கள் செய்துகொடுத்த கம்பெனிதான், பிறகு அந்தப் பெயரில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்தது. லீ-என்ஃபீல்டு .303 ரைஃபிளுக்குப் பெயர் தந்ததும் அதே ஊர்தான்.

என்.சி.சி. பிள்ளைகள் .22 ரைஃபிளைக் கையில் எடுத்ததும் அடிக்கடி சொல்வது, "சார், போல்ட் மூட மாட்டேங்குது" என்பதுதான். அதற்கு நான் கேட்கும் ஒரே கேள்வி, "எந்த இடத்துல முட்டுது?" அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் பழுதில் பாதியைக் கண்டுபிடித்த மாதிரி.

கையை எடுங்கள். முட்டினால் உள்ளங்கையால் அடிக்கவே கூடாது. .22 ரவுண்டில் வெடிமருந்து பற்றுவது விளிம்பில்தான். விளிம்பு நசுங்கினால் போல்ட் பூட்டும் முன்பே வெடித்துவிடலாம். துப்பாக்கியின் வாய் இலக்கு மேட்டை நோக்கியே இருக்கட்டும். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, ரவுண்டு உட்காரும் சேம்பர் காலியா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள்.

ஸ்பிரிங்கா, பழுதா? லீ-என்ஃபீல்டு, போல்ட்டை மூடும்போதுதான் காக் ஆகும், அதாவது சுடுவதற்கான ஸ்பிரிங் இறுகும். கடைசிக் கட்டத்தில் கை உணரும் அழுத்தம் ஸ்பிரிங்குடையது. மவுசர் 98 வகை திறக்கும்போதே காக் ஆகிவிடும். அதில் பழகியவர்களுக்கு .303 பழுதானது போலவே தோன்றும். அழுத்தம் சீராக ஏறினால் ஸ்பிரிங். ஓரிடத்தில் சட்டென்று நின்றால் பழுது.

காலியாகவே இறுகுகிறதா? ரவுண்டைக் குறை சொல்ல வேண்டாம். பல வருஷம் கிடங்கில் இருந்த துப்பாக்கியில் காப்புக் கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும். போல்ட் ஓடும் பள்ளங்களைத் துடையுங்கள். பிறகு போல்ட் கைப்பிடியின் பின்னால் உள்ள எண்ணையும் துப்பாக்கியின் எண்ணையும் ஒப்பிடுங்கள். கூட்டமாகச் சுத்தம் செய்யும் நாளில் போல்ட் மாறிப்போவது சகஜம்.

டம்மி ரவுண்டு போட்டதும் பாதியில் நிற்கிறதா? மேகசினைப் பாருங்கள். .303 ரவுண்டுக்கு அடியில் விளிம்பு உண்டு. மேல் ரவுண்டின் விளிம்பு, கீழ் ரவுண்டின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் மாட்டினால் இரண்டும் சேர்ந்து நகரும்.

முழுக்கப் போய், கைப்பிடி மட்டும் கீழே இறங்கவில்லையா? சந்தேகம் சேம்பர் மேல். .22-வில் மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து சேம்பரின் முன்முனையில் வளையமாகப் படியும். குழலைத் துடைக்கும் கயிறான புல்-த்ரூவை ஒருமுறை இழுத்தால் அது போகாது. சேம்பர் பிரஷ்ஷைச் சுழற்றித் தேய்த்து, உலர்ந்த ஃபிளானெல் துணியால் துடைத்து, விளக்கடித்துப் பாருங்கள். சுத்தமான சேம்பரில் டம்மி சரியாகப் போய், நிஜ ரவுண்டு மட்டும் மறுத்தால் குறை ரவுண்டில். நசுங்கியதையும் உப்பியதையும் தனியே ஒதுக்கி ஒப்படையுங்கள்.

அதன்பிறகும் மூடவில்லையா? இனி ஆர்மரரின் கேஜ் பேசட்டும். ஒரகடத்தில் துளையை பிளக் கேஜ் விட்டுப் பார்க்கிறோமே, அதே முறைதான். .303-க்கு 0.064 அங்குல கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.074-ல் மூடக் கூடாது. ராணுவம் வைத்த எல்லை அது. லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரகத்தில் போல்ட் தலைகளுக்கு 0 முதல் 3 வரை எண் உண்டு. நீளத்தில் மயிரிழை வித்தியாசம். இறுக்கமாக இருக்கிறதே என்று சின்னத் தலையைத் தானாக மாட்டுவதும், பூட்டும் காதுகளில் அரம் போடுவதும் பெரிய ஆபத்து. போல்ட் சுகமாக மூடும். ஆனால் இடைவெளி கூடி, சுடும்போது தோட்டாக்கூடு பின்பக்கம் அறுந்து, சூடான வாயு முகத்தை நோக்கி வரலாம்.

பழுதுபார்ப்பைத் தொழிலாகச் செய்யவே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே சுத்தம் செய்வதோடு உங்கள் வேலை முடிந்தது. எந்த இடத்தில் முட்டியது, காலியாகவா, ரவுண்டோடா, எந்த ரவுண்டு என்று ஒரு சீட்டில் எழுதி, துப்பாக்கியில் கட்டி அனுப்புங்கள். "மூடவில்லை" என்று மட்டும் எழுதி வரும் துப்பாக்கிக்கு ஆர்மரர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி எழுதி வந்தால் நேரே பழுதிலேயே கை வைப்பார்.