நடுவில் மாறுவதா, முடித்துப் போவதா? – கலைப் பாட மாணவருக்கு ஒரு வழிகாட்டி

அழகர்மலை அடிவாரத்திலிருந்து தினந்தோறும் பஸ் ஏறி மதுரைக் கல்லூரிகளுக்குச் சென்று, இலக்கியமோ சரித்திரமோ தத்துவமோ படித்துவரும் பிள்ளைகளில் சிலர், இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில், இந்தப் பட்டத்தை இங்கேயே முடிப்பதா அல்லது நடுவிலேயே ஓர் அயல்நாட்டுச் சர்வகலாசாலைக்கு மாறிவிடுவதா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழு உபகாரச் சம்பளத்தோடு அழைப்பு வந்தாலொழிய நடுவில் மாறுவது உசிதமன்று, பட்டத்தை முடித்துக்கொண்டு முதுகலைக்குப் போவதே சிலாக்கியம்.

நடுவில் மாறுவதைச் சகஜமான காரியமாக ஏற்றுக்கொண்டிருக்கும் தேசம் அமெரிக்கா. அங்கே இளங்கலைக்கு நான்கு ஆண்டுகள், பெரும்பாலும் 120 கிரெடிட். அதில் பாதியையேனும் தம்மிடத்தில் படித்தவருக்கே பட்டம் தருவதென்பது பல கலாசாலைகளின் நியதி. எனவே இங்கே படித்த இரண்டு ஆண்டுகளும் ஒன்றுவிடாமல் ஏற்கப்பட்டாலும் அங்கே இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தாக வேண்டும். ஒன்றுவிடாமல் ஏற்கப்படுவதோ அபூர்வம். கணிதம் படிக்கிறவனுக்குக் கால்குலஸ் எந்தத் தேசத்திலும் கால்குலஸ்தான். ஆனால் பகுதி ஒன்றில் நான்கு செமஸ்டர் படித்த தமிழை அவர்கள் மொழிப் பாடமாகக் கொள்வார்களா, விருப்பப் பாடமாகத் தள்ளுவார்களா, பகுதி மூன்றில் படித்த தமிழக வரலாற்றுக்கு ஈடான பாடம் அங்கே இருக்கிறதா என்பதெல்லாம், ஒவ்வொரு தாளின் பாடத்திட்டத்தையும் யூனிட் யூனிட்டாக, மணிக்கணக்கும் நூற்பட்டியலும் உட்பட ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, அந்தந்தத் துறையார் படித்துப் பார்த்துத் தீர்மானிக்கும் விஷயங்கள். தீர்மானமும் பெரும்பாலும் அனுமதி கிடைத்த பிறகே வரும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். இங்கே இரண்டு, அங்கே இரண்டு என்று நான்கு ஆண்டுகள் செலவிட்டால் கையில் இருப்பது ஒரு பி.ஏ. மாத்திரம். இங்கே மூன்று ஆண்டுகள் படித்து முடித்துப் பிரிட்டனில் ஓராண்டு எம்.ஏ. படித்தால் அதே நான்கு ஆண்டுகளில் இரண்டு பட்டங்கள். செலவிலும் இதே வித்தியாசந்தான்: அமெரிக்காவில் இரண்டு ஆண்டுச் சம்பளம், பிரிட்டனில் ஓராண்டுச் சம்பளம். வெளிநாட்டிலிருந்து நடுவில் வந்து சேருகிற மாணவருக்குப் பண உதவி தரும் அமெரிக்கக் கலாசாலைகள் மிகச் சிலவே. முதலாண்டில் சேருகிறவருக்கு இருக்கும் அனுகூலம் நடுவில் சேருகிறவருக்கு இராது என்பதை அயல்நாட்டுக் கல்வி முகவர்கள் எளிதில் வாய்திறந்து சொல்லமாட்டார்கள்.

பிரிட்டனிலும் இரண்டாம் ஆண்டில் சேர விண்ணப்பிக்க இடமுண்டு. ஆயினும் முதலாண்டிலிருந்தே தொடங்கச் சொல்வதுதான் அங்கே வழக்கம். ஜெர்மனியைப் பொறுத்தவரை இளங்கலைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். முதுகலைக்கு மனப்பூர்வமாகச் செய்வேன். பெரும்பாலான அரசுச் சர்வகலாசாலைகளில் கல்விக் கட்டணமே இல்லை. 1962இல் தெற்காசிய நிறுவனம் தொடங்கப்பெற்ற ஹைடெல்பர்க் இருக்கும் மாகாணத்தில் நம்மைப் போன்ற அயல்நாட்டார் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். தமிழ்ச் சுவடி ஆராய்ச்சிக்குப் பேர்பெற்ற ஹாம்பர்க்கில் அதுவும் இல்லை. ஆனால் விசாவுக்காக ஓராண்டு ஜீவனத்துக்கு வேண்டிய தொகையை, 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோவை, முடக்கக் கணக்கில் காட்டியாக வேண்டும். ஏழைக் குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பண உதவியைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆதிதிராவிட மாணவர், நிலமற்ற விவசாயத் தொழிலாளரின் மக்கள் முதலியோருக்கென்று மத்திய சர்க்கார் நடத்தும் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளத் திட்டத்தில், இந்தியப் பண்பாடு, சரித்திரம், இந்தியச் சமூகம் பற்றிய ஆராய்ச்சிகளுக்கு உதவி இல்லை என்று 2022இல் விதி கொண்டுவந்தார்கள். கோயிலையும் குடிவழக்கையும் பற்றி எழுத ஆசைப்படும் அழகர்கோவில் மாணவன் அந்த ஆசையினாலேயே தகுதி இழக்கும்படி செய்த இந்த விதி எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது. அத்தகையோர் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தின் விதிகளை விசாரித்துப் பார்ப்பது அவசியம்.

இவையெல்லாம் செலவும் காலமும் பற்றிய நியாயங்கள். இவற்றினும் பெரிய நியாயம் ஒன்று உண்டு. கலைப் பாடம் படிக்கிறவனுக்கு அவன் ஊரே முதல் ஆதாரம். தொ. பரமசிவன் அழகர் கோயிலைப் பற்றிய தம் முனைவர் பட்ட ஆராய்ச்சியை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில்தான் செய்தார். அது 1989இல் நூலாக வெளிவந்து, கோயிலுக்கும் சுற்றுவட்டாரத்துக் கள்ளர், இடையர், பள்ளர், வலையர் சமூகங்களுக்கும் உள்ள உறவை ஆராய்கிறவர்கள் இன்றும் கைவிட முடியாத நூலாக நிற்கிறது. அமெரிக்காவில் ஸ்மித் கல்லூரியில் ஆசிரியராக இருந்த டென்னிஸ் ஹட்சன், கடல் கடந்து இங்கே வந்தே சித்திரைத் திருவிழாவைப் பற்றி எழுதினார். மதுரைத் தியாகராசர் கல்லூரியிலும் சிறிது காலம் பணியாற்றிய கவிஞர் ஏ. கே. ராமானுஜன், மைசூரில் முதுகலை முடித்து, பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்து, அதன் பின்னரே அமெரிக்காவின் இந்தியானா சர்வகலாசாலைக்குச் சென்று 1963இல் முனைவரானார். அழகர் கோயில் பதினெட்டாம்படிக் கருப்பன் சந்நிதியில் கதவுக்குச் சந்தனம் சாத்துவதையும், வழக்காளிகள் அங்கே சத்தியம் செய்ததையும் விசாரித்துக் குறிப்பெடுத்த பிறகு அயல்நாடு போகிறவன், அங்குள்ள நூலகத்தில் எதைத் தேட வேண்டும் என்பதை அறிந்தே போகிறான்.

விதிவிலக்கு இல்லாமலில்லை. கிரேக்கமும் லத்தீனும் மூலமொழியில் படிக்க விரும்புகிறவனுக்கு மதுரையில் ஆசிரியர் கிடைப்பது அரிது. அவன் போகட்டும், சீக்கிரமே போகட்டும். கல்லூரியை விட்டு முற்றிலும் விலகாமல் ஒரு செமஸ்டர் வெளியே படித்துவர நினைப்போருக்கு, 2022ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளின்படி, இருதரப்பு ஒப்பந்தமுள்ள ‘ட்வின்னிங்’ (twinning) முறையில் மொத்தக் கிரெடிட்டில் 30 சதவீதம் வரை அயல்நாட்டில் பெற இடமிருக்கிறது. கல்லூரி முதல்வரிடம் அத்தகைய ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள்.

எவ்வழியாயினும் விசா கைக்கு வரும்வரை டி.சி. வாங்காதீர்கள், வாங்கிவிட்டால் அதே வகுப்புக்குத் திரும்புவது பெரும்பாடு. ஜெர்மனி செல்வோர்க்கு 2022 நவம்பர் முதல், படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், குளிர்கால செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள், நம் இறுதி செமஸ்டர் மார்க் ஷீட்டும் ப்ரொவிஷனலும் அதற்குள் வந்து சேருமா என்பதே சந்தேகம். ஆதலால் ஐந்தாம் செமஸ்டரிலேயே டிரான்ஸ்கிரிப்டுக்கு மனுக் கொடுத்துவிடுங்கள், அரியர் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள்.